விஞ்ஞான மாலைகளில் நமக்கும் இடம் வேண்டும்

பட்டிமன்றம் என்றால் ஊரே திரண்டு வருகிறது. இன்னிசைக் கச்சேரி என்றால் நள்ளிரவு வரை அமர்ந்து கேட்கிறோம். ஆனால், "இன்று மாலை விஞ்ஞானச் சொற்பொழிவு" என்றால் பெண்கள் பக்கத்து நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. "பெண் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இது முறைதானா, தோழியரே?

1799-ஆம் ஆண்டு லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிறுவனம் தோன்றியது. அங்கே ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய இரசாயனச் சொற்பொழிவுகளைக் கேட்கப் பெண்களும் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஜேன் மார்செட் அம்மையார். கேட்டவை முதலில் அவருக்கு நன்கு விளங்கவில்லை. நண்பர் ஒருவருடன் பேசிப் பேசித் தெளிந்தார். தாம் தெளிந்ததை, ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் உரையாடும் முறையில் 1806-இல் நூலாக வெளியிட்டார். அதில் தம் பெயரைக் கூட அவர் போட்டுக்கொள்ளவில்லை.

புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய ஓர் ஏழைக் கொல்லரின் மகன் அந்நூலைப் படித்தான். கடைக்கு வந்த ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டால், 1812-இல் டேவியின் சொற்பொழிவுகளை நேரில் கேட்டான். எடுத்த குறிப்புகளை அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினான். மறு ஆண்டே அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவர்தாம் மைக்கேல் ஃபாரடே! 1831-இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டல் தத்துவத்தைக் கொண்டே இன்றும் ஜெனரேட்டர்கள் இயங்குகின்றன. ஒரு பெண் சொற்பொழிவு கேட்கச் சென்றதன் பயன் எங்கே போய் முடிந்தது பார்த்தீர்களா?

"கைபேசியிலேயே எல்லாம் கேட்கலாமே, கூட்டம் எதற்கு?" என்பார் சிலர். 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஃபாரடே சிறுவர் சிறுமியர் முன் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினார். சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தார். அதில் நீர் படிந்தது. நெருப்பிலிருந்து நீரா! அந்த வியப்பைக் கண்ணெதிரே காண்பதும், எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்பதும் கூட்டத்தில்தான் கிட்டும்.

ஆகவே, சொற்பொழிவு நடத்தும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். எளிய தமிழில் பேசுங்கள். மேடையில் சோதனை செய்து காட்டுங்கள். பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். இருட்டுமுன் வீடு திரும்பும்படி நேரத்தை அமையுங்கள்.

பெற்றோர்களே, மகளைத் தனியே அனுப்பத் தயக்கமானால் நீங்களும் உடன் வாருங்கள். அடுப்பங்கரையில் அன்றாடம் நெருப்பையும் நீரையும் ஆளும் அம்மாவுக்கு, அவற்றின் இரகசியத்தை அறியும் உரிமை இல்லையா?

தோழியரே, அடுத்த கூட்டத்தில் முதல் வரிசை நமதாகட்டும். முதல் கேள்வியும் நமதாகட்டும்!