தொழிலாளியாக ஏற்காத சட்டம், குற்றவாளியாக ஏற்கிறது

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பணிநீக்கம், நிலையாணைகள், 14 நாள் முன்னறிவிப்பு ஆகியவை குறித்துத் தொழிற்சங்கங்கள் விரிவாகப் பேசியுள்ளன. ஆனால் தொழில் உறவுகள் தொகுப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. சட்டவிரோத வேலைநிறுத்தம் ஒன்றுக்கு நேரடி ஆதரவாக, தெரிந்தே பணம் செலவிடும் எந்த நபரும் தண்டனைக்குரியவர் என்கிறது அது. அபராதம் 10,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை; அல்லது ஒரு மாதம் வரை சிறை; அல்லது இரண்டும். இது யார்மீது விழும் என்பதை அறிய, வேலைநிறுத்தங்களை அவற்றின் அடுப்பங்கரையிலிருந்து பார்த்தாக வேண்டும்.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டம் இதற்குத் தெளிவான சான்று. 20 சுரங்கங்களை மூடி, ஏறத்தாழ 20,000 வேலைகளை ஒழிக்கும் திட்டத்தை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய அப்போராட்டம் ஓராண்டு நீடித்தது. தாட்சர் அரசு பசியை ஆயுதமாக்கியது. சங்கம் போராட்டப்படி கொடுப்பதாகக் கற்பித்துக்கொண்டு, தொழிலாளர் குடும்பங்களுக்கான உதவித்தொகையில் வாரந்தோறும் 15 பவுண்டைப் பிடித்தம் செய்தது. அக்டோபரில் நீதிமன்றம் சங்கத்தின் நிதியை முடக்கியது.

அந்த ஓராண்டைத் தாங்கி நின்றவர்கள் சுரங்கக் கிராமங்களின் பெண்கள். அவர்கள் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினர், உணவுப் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தனர், நாடெங்கும் சென்று நிதி திரட்டினர், மறியலிலும் நின்றனர். 1984 மே மாதம் பார்ன்ஸ்லி நகரில் ஆயிரக்கணக்கான பெண்கள் அணிவகுத்தனர். ‘சுரங்க மூடலுக்கு எதிரான பெண்கள்’ என்ற அமைப்பு உருவானது. ஆயினும் போராட்டம் முடிந்த பின், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் இணை உறுப்பினர் தகுதி கோரியபோது அது மறுக்கப்பட்டது. போராட்டத்தைச் சுமந்தவர்களுக்குச் சங்கத்தின் பதிவேட்டில் இடமில்லை.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். வேலைநிறுத்தத்துக்குப் பண உதவி செய்வதைத் தடுக்கும் விதி 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்தது. அப்போது சிறைத்தண்டனை ஆறு மாதம் வரை. அபராதம் 1,000 ரூபாய் வரை. சிறைக்காலம் குறைந்திருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். ஆனால் பழைய சட்டத்தில் முன்னறிவிப்புக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. புதிய தொகுப்பு அதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. சமரசப் பேச்சு நடக்கும் காலத்திலும், அது முடிந்து ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. தொழிலாளர்களில் பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. ‘சட்டவிரோதம்’ என்ற வட்டம் பெரிதாகும்போது, உதவியவரைக் குற்றவாளியாக்கும் வட்டமும் சேர்ந்தே பெரிதாகிறது.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 20 சதவீத போனஸ் கேட்டுப் போராடியவர்கள் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள்; பெரும்பான்மையோர் தலித்துகள். தங்களை விலைபேசிவிட்டதாகச் சொல்லிச் சங்கத் தலைவர்களைக் களத்துக்குள் விடாமல் விரட்டிய அவர்கள், ‘பொம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டனர். ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. புதிய தொகுப்பின் கீழ் அத்தகைய தன்னெழுச்சி முதல் நாளிலேயே சட்டவிரோதமாகும். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி வாங்கிக் கொடுத்தவரும் வழக்குக்கு அஞ்ச வேண்டியிருக்கும். அரிசி வாங்குவது ‘நேரடி ஆதரவு’ ஆகுமா என்பதை நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் அன்றாடக் கூலியில் வாழும் பெண்ணுக்கு அந்த வாதம் வெல்லும் நாள்வரை காத்திருக்க வசதி உண்டா?

அண்ணல் அம்பேத்கர் இதே கேள்வியை 1938இல் எதிர்கொண்டார். முன்னறிவிப்பும் சமரச நடைமுறையும் இன்றி நடக்கும் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிய தொழில் தகராறு மசோதாவைப் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் எதிர்த்தார். வேலைக்கு வராதிருப்பது அதிகபட்சம் ஒப்பந்த மீறல். அதற்குத் தண்டனை விதிப்பது தொழிலாளியை அடிமையாக்குவது என்பது அவர் வாதம். அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சி அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று ஒரு நாள் வேலைநிறுத்தத்தை நடத்தியது. பின்னர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்ற காலத்தில், சுரங்கப் பெண்களின் பேறுகாலப் பயன் சட்டத்துக்குத் திருத்தங்கள் கொண்டுவந்தார். சுரங்கத்தில் உழைக்கும் பெண்ணை, யாரோ ஒரு தொழிலாளியின் மனைவியாக அல்லாமல் தொழிலாளியாகவே பார்த்த அணுகுமுறை அது.

இளம்பிள்ளை சேலைகளால் பெயர்பெற்ற ஊர். சேலம், நாமக்கல் சமவெளியின் விசைத்தறிகளில் தறி ஓட்டுபவரின் கூலி பேசப்படுகிறது. தார் சுற்றும் பெண்ணின் உழைப்போ பல இடங்களில் குடும்ப உழைப்பாகவே கரைந்துவிடுகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் முன்பணக் கடன் குடும்பம் முழுவதையும் பட்டறையோடு கட்டிப்போடுகிறது. கூலி உயர்வுக்காகத் தறிகள் நிற்கும் நாட்களில் மளிகைக் கடன், குழுக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகிய எல்லாவற்றையும் சமாளிப்பவர் பெண். நிலமோ சேமிப்போ இல்லாத தலித் குடும்பத்தில் இந்தச் சுமை இரட்டிப்பு. உரிமை கேட்கும்போது, பதிவேட்டில் பெயர் இல்லாத இப்பெண் ‘தொழிலாளி’ அல்ல. உதவி செய்யும்போது மட்டும் அவர் ‘எந்த நபரும்’ என்ற சொற்களுக்குள் வந்துவிடுகிறார்.

இத்தொகுப்பின் குற்றங்களை, உரிய அரசின் புகாரோ அதன் அதிகாரம் பெற்றவரின் புகாரோ இன்றி நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க இயலாது. விசைத்தறிகளைப் பொறுத்தவரை உரிய அரசு தமிழ்நாடு அரசுதான். எனவே போராடும் குடும்பங்களுக்கு உணவு, மருந்து, கல்விச் செலவு ஆகியவற்றுக்கு உதவுவோர் மீது புகார் அளிக்கப்படாது என்று மாநில அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தார் சுற்றும் கூலியும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் அமர வேண்டும். அவர்கள் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் ஏற வேண்டும். பார்ன்ஸ்லியின் பெண்களுக்குச் சங்கம் மறுத்ததை, இங்குள்ள பெண்களுக்கு நம் சங்கங்களும் மறுக்கக் கூடாது.