பூட்டன் கணக்கில் வரமாட்டார்

கொடைரோடு ரயில் நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் அந்தத் தம்பியைச் சந்தித்தேன். பெயிண்டிங் வேலைக்கு வந்திருந்தார். பி.காம். முடித்தவர். 1998இல் திண்டுக்கல் அருகே முகாமில் பிறந்து, இப்போது தோட்டனூத்தில் இருக்கிறார். "எங்க பூட்டன் நிலக்கோட்டைப் பக்கந்தாண்ணே. அங்கருந்துதான் தேயிலைக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம்" என்றார். அன்று முகாமில் செக்கிங். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

பஞ்சமும் சாதியும் சேர்ந்து துரத்த, இந்த மாவட்டங்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையும் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அதே மக்களில் 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகில் வந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

இந்த முத்திரை விழுந்தால் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் இரண்டு கதவுகளும் அடைபடும். ஒன்று, 5ஆம் பிரிவின்படி பதிவு. இன்னொன்று, 6ஆம் பிரிவின்படி இயல்புரிமை. இயல்புரிமைக்கு ஏறத்தாழ 12 ஆண்டு வசிப்பும், எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் போதிய அறிவும் வேண்டுமாம். தமிழ் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது!

முத்திரையை நீக்கினாலும் 5ஆம் பிரிவில் இன்னொரு முடிச்சு உண்டு. இந்திய வம்சாவளியினர் என்பதற்கு, அவரோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா, பூட்டன் கணக்கில் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 7ஏ பிரிவைப் பாருங்கள். அமெரிக்கக் குடிமகன் ஓசிஐ அட்டை கேட்டால் இந்தியரின் கொள்ளுப்பேரன் என்பதே போதும். அது முழுக் குடியுரிமை இல்லைதான். ஆனாலும் டாலரோடு வருபவருக்கு நான்கு தலைமுறை, தேயிலைக் கூடையோடு போனவரின் பிள்ளைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டது யார்?

இதை ஈழப் பிரச்சினை என்று மட்டும் பார்த்து நாம் ஒதுங்குகிறோம். சாதியின் பேரால் அரசு பாகுபடுத்தக் கூடாது என்று 15ஆவது உறுப்பு சொல்வது 'குடிமக்களை' மட்டுமே. அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16ஆவது உறுப்பும் அப்படித்தான். தீண்டாமையை ஒழிக்கும் 17இல் மட்டும் அந்தச் சொல் இல்லை. பட்டியல் சாதியில் பிறந்த முகாம் பிள்ளைக்குச் சாதி உண்டு, இடஒதுக்கீடு கிடையாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று நாடுகளைப் பேசியது, இலங்கையை விட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்க ஒன்றிய அரசுக்குக் காலக்கெடு விதித்தது. 2022இல் தோட்டனூத்தில் 321 வீடுகளை மாநில அரசு கட்டித் தந்தது, நல்ல வேலை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை ஆணை அல்ல.

1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அப்படி மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் பெற்று, 2024இல் திருச்சியில் ஓட்டுப் போட்டார். நம் தம்பி பதினோரு வருடம் பிந்திப் பிறந்துவிட்டார். 7ஏ பிரிவில் இருக்கும் கொள்ளுப்பேரனை 5ஆம் பிரிவிலும் எழுதச் சொல்லி நம் எம்.பி.க்கள் ஒரு தனிநபர் மசோதாவாவது கொண்டு வரட்டும்.