தபால் குமாஸ்தா காவற்காரர் ஆகமாட்டார்

எங்கள் ஓய்வூதியர் சங்க அலுவலகத்தில் ஐந்து கணினிகள், ஒரே ஓர் இணைய இணைப்பு. நடுவில் லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்றைச் சர்வராக வைத்து, ஒரு தம்பி எல்லாவற்றுக்கும் இணைப்பைப் பகிர்ந்து கொடுத்தார். "நாட் போட்டாச்சு ஐயா, இனி வெளியாள் உள்ளே வரமுடியாது" என்றார். நானும் தலையாட்டினேன். என் பிழை அது.

மூன்று மாதம் கழித்து என் பேரன் எங்கள் ஸ்கேனரின் முகவரியைக் குறித்துக்கொண்டு போய், தெருவில் நின்று கைப்பேசியில் அதன் பக்கத்தைத் திறந்து காட்டினான். பாஸ்வேர்டு கிடையாது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் நம்பிக் கொடுத்த வங்கிப் புத்தக நகல்கள் வரிசையாகக் கிடந்தன. இதற்குமுன் யார் பார்த்தார்கள் என்று சொல்ல எங்களிடம் ஒரு பதிவும் இல்லை.

நாட் என்பது என்ன? முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புரியாத விஷயமல்ல. அலுவலகத்தில் எந்தப் பிரிவு கடிதம் எழுதினாலும் உறையில் அலுவலக முகவரிதான் இருக்கும். எந்தப் பிரிவுக் கடிதம் என்பதைத் தபால் குமாஸ்தா பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் பதிவேட்டைப் பார்த்து உரிய மேசைக்கு அனுப்புவார். அவ்வளவுதான் நாட். அவர் பெட்டியைச் சோதிப்பதில்லை, கதவைப் பூட்டுவதில்லை.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிப் பாடங்களில் கோன்சியெர்ஜ் என்றொரு அம்மாள் வருவாள். குடியிருப்பு வாசலில் உட்கார்ந்து தபாலும் கொடுப்பாள், வருவோர் போவோரையும் விசாரிப்பாள். நாட்டை அந்த அம்மாளாக நினைப்பதுதான் கோளாறு. லினக்ஸில் இந்த வேலைக்குரிய கட்டளையின் பெயரே மாஸ்கரேட், அதாவது முகமூடி. முகமூடி எப்போதிலிருந்து பூட்டாயிற்று?

1994-இல் நாட்டை முன்மொழிந்த ஆவணமே அதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் சொன்னது. பழைய முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. அது தீர்ந்துபோகும் என்ற கவலைக்குக் கண்ட வழி. பாதுகாப்புக்காகப் பிறந்ததல்ல. அரசாங்கத்தில் தற்காலிகப் பணியிடம் நீட்டிப்பு வாங்கி வாங்கி நிரந்தரமானது போல இதுவும் ஆயிற்று.

"பதிவேட்டில் இல்லாத தபால் எந்த மேசைக்கும் போகாதே, அதுவே காவல்தானே?" என்பார்கள். பாதி உண்மை. ஆனால் வெளிப்பக்கம் அதே கம்பியில் இருக்கும் ஒருவன் மேசை எண்ணையே எழுதி அனுப்பினால், ஃபார்வர்ட் விதி 'அனுமதி' என்றிருக்கும் சர்வர் அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஐபி ஆறாம் பதிப்பிலோ ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி. தபால் குமாஸ்தாவே தேவையில்லை. எங்கள் தம்பி அதையும் திறந்துவிட்டிருந்தார். நான்காம் பதிப்புக்கு நாட் இருந்தது. ஆறாம் பதிப்புக்கு ஒரு விதிகூட இல்லை. ஸ்கேனர் அந்த வழியாகத்தான் தெருவுக்கு வந்தது.

ஆகவே நாட் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேலை அங்கே பாதிதான். ஃபார்வர்ட் விதியை முதலில் 'மறு' என்று வையுங்கள். உள்ளிருந்து வெளியே போவதற்கும், அதற்கு வரும் பதிலுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். சர்வருக்கே வரும் தபாலுக்கு இன்புட் விதி தனி, அதையும் அடையுங்கள். ஐபிடேபிள்ஸில் எழுதியதையெல்லாம் ஐபி6டேபிள்ஸிலும் எழுதுங்கள், ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. கடைசியாக, வெளியே போய் நின்று கதவைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்தபடி பூட்டைச் சோதிக்க முடியாது.

இப்போது எங்கள் சர்வரில் இவையெல்லாம் உண்டு. ஸ்கேனருக்குப் பாஸ்வேர்டும் உண்டு. நகல் கொடுத்திருந்த ஒவ்வோர் அம்மாவிடமும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் மட்டும் கேட்டார்: "பூட்டியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.