உப்புப் பூத்த ரீசேட்டும் பொங்குகிற குளிசையும்

ஜெயபுரத்தில் பின்னேரம் கரப்பந்து விளையாடும் பெடியளின் தண்ணீர்ப் போத்தலுக்குள் இப்போது செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ பொங்குகிறது. கனியுப்புச் சத்துக் குளிசையாம். கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம், நாகம் என்று உறையில் பட்டியல் நீளுகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பழக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

வேர்வையில் என்ன போகிறது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பெடியளின் கறுப்பு ரீசேட் காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கரை கட்டும். தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. ஒரு லீற்றர் வேர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகும். ஆளுக்காள் கூடிக் குறையும். பொற்றாசியம் அதில் கால்வாசியும் வராது. மற்றவை இன்னும் சொற்பம். அதோடு, வெயிலில் பழகிய உடம்பு இரண்டு கிழமைக்குள் வேர்வையில் உப்பை மிச்சம்பிடிக்கப் பழகிவிடும்.

ஒரு மணித்தியால விளையாட்டுக்குத் தண்ணீரும் இராச்சாப்பாடும் போதும். பகல் முழுக்க வயலில் நிற்பவருக்கு உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ வேண்டும். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் கூடாது. 2002இல் பொஸ்ரன் மரதன் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் நிறை கூடும் அளவுக்குக் குடித்தவர்கள்தான் அதில் கூடுதலாக அகப்பட்டார்கள்.

குளிசைக்குள் எல்லாம் ஒன்றாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்கிறார்கள். கிளினிக்கில் கர்ப்பிணிகளிடம் இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் வேறுவேறு நேரத்தில் போடச் சொல்வது ஏன்? கல்சியம் இரும்பைக் குடலிலேயே மறிக்கும். நாகம் மாதக்கணக்காக அளவுக்கு மிஞ்சினால் செம்பு குறையும். கல்சியத்தை எலும்பில் பிடித்துவைக்க அந்தப் பெடியள் வலைக்கு மேலே பாய்கிற பாய்ச்சலே பெரிய உதவி. (பாயாமல் கரையில் இருந்து கைதட்டுபவர்தான் கூடுதலாகக் குளிசை போடுகிறார், அது வேறு கதை.)

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். வயலில் நிற்கும் அப்பாவுக்கு அலுப்பென்று மகன் அதே குளிசையை வீட்டுக்கும் கொண்டுபோகிறான். 1990களில் வடமத்திய மாகாணக் கமக்காரரிடம் கண்டறியப்பட்ட, காரணம் தெளியாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. தொடக்கத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது. தளர்ந்த சிறுநீரகத்தால் பொற்றாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே குழம்பும். அப்படிப்பட்டவருக்கு வைத்தியர் இளநீரையே மறிப்பார். பாமசியிலோ, யாருக்கு இந்தக் குளிசை என்றுகூடக் கேட்பதில்லை.

கேட்கவேண்டும். வயலில் இறங்கும் ஆளுக்கு என்றால், முதலில் ஆசுப்பத்திரியில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்லவேண்டும். விளையாட்டுக் கழகங்களும் பரிசுப் பொதிக்குள் இந்தக் குளிசைகளை வைப்பதை விட்டுவிட்டு, மைதானத்தில் குடிக்கத் தகுந்த தண்ணீர் வைக்கட்டும்.