சலுகையா, பங்கா?



சென்ற மாதம் விடுதி உணவறையில் நம்மவர் ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தேர்வில் தவறிய ஒரு மாணவனைப் பற்றிப் பேச்சு வந்தது. "சலுகையில் வந்தவன், வேறு எப்படி இருப்பான்?" என்றார் ஒரு நண்பர். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. நானும் இட ஒதுக்கீட்டில் இடம் பெற்று, அரசின் உதவித்தொகையில் படிப்பவன் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது. அன்று வாய்மூடி இருந்த குற்றத்திற்காகவே இன்று எழுதுகிறேன்.

சலுகை என்றால் என்ன? பொருளுக்கு உரியவன், உரிமை இல்லாதவனுக்கு மனமிரங்கிக் கொடுப்பது. அப்படியானால் கல்வி என்னும் பொருளுக்கு உரியவர் யார்? நாம் யாருடைய பணத்தில் படிக்கிறோம்?

இக்கேள்வியை நெடுங்காலத்திற்கு முன்பே கேட்ட ஒருவர், நாம் படிக்க வந்திருக்கும் இதே புனே நகரில் வாழ்ந்தார். அவர் ஜோதிராவ் புலே. 1848-இல் அவரும் அவர் துணைவியார் சாவித்திரிபாயும் இந்நகரில் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் திறந்தார்கள். பாடம் சொல்லப் போன அந்த அம்மையார் மீது வழியிலே சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். 1882-இல் ஹண்டர் கல்விக் குழு விசாரணை நடத்தியபோது புலே தம் கருத்தை எழுதிக் கொடுத்தார். அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. அதன் பயனோ மேல்தட்டு மக்களின் உயர்கல்விக்குப் போகிறது. கல்விக்கென்று உழவரிடம் வாங்கும் தனி வரிகூட அவர்கள் பிள்ளைகளுக்கு முறையாகச் செலவாகவில்லை என்று எடுத்துக்காட்டினார். பன்னிரண்டு வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும்படி கேட்டார்.

கணக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது, பாருங்கள்! கூலி வேலை செய்யும் என் தந்தை சோப்பு வாங்கினாலும் வரி கொடுக்கிறார். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு காசு திரும்பி வந்து அவர் மகனைப் படிக்க வைத்தால் அது சலுகை ஆகுமா? அது பங்கு அன்றோ?

கோலாப்பூர் மன்னர் சாகு 1902-இல் தம் அரசுப் பணியிடங்களில் பாதியைப் பின்தங்கியோருக்கு ஒதுக்கியதும், சென்னை மாகாணத்தில் 1921-இல் வகுப்புவாரி ஆணை பிறந்ததும் இந்தப் பங்கைக் கருதியே. 1951-இல் கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பதினைந்தாம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது.

"அப்படியானால் தகுதி என்னாவது?" என்று கேட்பீர்கள். இடம் பெறுவதில்தான் ஒதுக்கீடு. பட்டத்திற்கு எழுதும் தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. பாட்டனார் காலத்திலிருந்து புத்தக அலமாரி இருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வருகிறார். என் வீட்டிற்குள் நுழைந்த முதல் புத்தகமே என் பாடப் புத்தகந்தான். இருவரும் பெறும் மதிப்பெண்ணில் அந்த அலமாரிக்கும் ஒரு பகுதி உண்டு என்பதை ஏன் மறக்கிறோம்? சதாராப் பள்ளியில் கோணித்துணியில் தனியே உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுவன், பரோடா மன்னர் தந்த உதவித்தொகையால் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றான். அவரே அண்ணல் அம்பேத்கர். அந்த உதவியால் மிகுதியாகப் பயன் அடைந்தது யார்? அவரா, இந்த நாடா?

இனி நம் மன்றத்தைப் பற்றி ஒரு சொல். இங்கே மராத்தியரிடமும் இந்தி பேசுவோரிடமும் நம்மைத் தமிழர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பொங்கல் விழாவில் தமிழின் பெருமையைத் தொண்டை வற்றப் பேசுகிறோம். ஆனால் ஊரிலிருந்து புதிதாக ஒரு மாணவன் வந்தால் என்ன கேட்கிறோம்? முதலில், "எந்த ஊர்?" அடுத்து, "ஊரில் எந்தத் தெரு?" அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். நான் இங்கு வந்த முதல் நாள் அதற்குப் பொய் சொன்னேன். தமிழன் என்ற பெயர் எல்லோரையும் அணைக்கும் பெயராக இருந்தால் அந்தப் பொய்க்குத் தேவை இருந்திருக்காது.

ஆகவே மன்றத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: அந்த இரண்டாவது கேள்வியை இன்றோடு விட்டுவிடுவோம். மற்றொன்று: முதற்பருவத்தில் வாரம் ஒரு மாலை, மூத்த மாணவர்கள் புதியவர்களோடு உட்கார வேண்டும். உதவித்தொகைப் படிவங்களை நிரப்பித் தரவும், தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பாடநூலைப் புரிய வைக்கவும் அந்த மாலை பயன்படட்டும். இதற்குப் பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும். முதல் ஆளாக என் பெயரைக் கொடுக்கிறேன்.

உணவறையில் மீண்டும் அந்தச் சொல் வரும். வரட்டும். இம்முறை நான் வாய்மூடி இருக்கமாட்டேன்.