கொழுஞ்சிக்கும் ஓர் இடம்

தமிழக அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 2024-25இல் வந்ததிலிருந்து பசுந்தாள் உரம் என்ற பேச்சு மறுபடியும் காதில் விழுகிறது, மகிழ்ச்சி. ஆனால் பசுந்தாள் என்றதும் எல்லோரும் தக்கைப்பூண்டைத்தான் நினைக்கிறார்கள். தண்ணீர் நிற்கும் நெல்வயலுக்கு அது பொருந்தும். தருமபுரி மாவட்டத்தில் வானம் பார்த்த பூமியான பென்னாகரத்துக்கும் அரூருக்கும்? அங்கே வரப்பிலும் தரிசிலும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறதே கொழுஞ்சி, அதை ஏன் மறந்தோம்? அதன் சிற்றிலையை நுனி பிடித்து இழுத்துப் பாருங்கள், அம்புமுனை போலப் பிய்ந்து வரும். வேரைப் பிடுங்கினால் சின்னச் சின்ன முடிச்சுகள். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அவற்றில்தான். வறட்சியைத் தாங்கும், ஆடுமாடும் அவ்வளவாக வாய் வைக்காது. சித்த மருத்துவம் இதைக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் மருந்தாக வைத்திருக்கிறது. இதன் வட அமெரிக்க உறவுச் செடி ஒன்றின் வேரை இடித்து ஓடையில் கலந்து மீன் பிடித்தார்கள் அந்நாட்டுப் பூர்வகுடிகள். தன் காட்டுச் செடியின் குணத்தை எந்த ஊர்க்காரரும் அறிந்தே வைத்திருந்தார்கள். நாமோ களைக்கொல்லி அடித்துக் கொழுஞ்சியைக் கருக்குகிறோம், பிறகு உர மூட்டைக்கு வரிசையில் நிற்கிறோம். கொழுஞ்சி விதையின் தோல் கெட்டிதான். ஆனால் மணலோடு தேய்த்தோ சுடுநீரில் நனைத்தோ விதைத்தால் முளைத்துவிடும். தருமபுரியின் மானாவாரி நிலத்துக்கும் மாந்தோப்புக்கும் வேளாண்மைத் துறை கொழுஞ்சி விதையைத் திரட்டிக் கொடுக்க வேண்டும். அதுவரை வரப்பில் நிற்பதையாவது விட்டுவைப்போம்.