திருகாணியைத் தொடுமுன்

தெற்கு அந்தமானில் பெரார்கஞ்சைக் கடந்து வடக்கே ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறித்த வேளையில் புறப்படும் வாகன வரிசையில் ஊர்ந்து செல்லும் டீசல் வண்டியொன்று, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் குலுங்கி அணைந்துபோகுமானால், அதை அந்த ஓட்டுநரின் சொந்தச் சங்கடம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரையிலான சாலை, 1956-ஆம் ஆண்டின் ஆதிகுடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதியால் காக்கப்படும் ஜாரவா மக்களின் வனத்தினூடே செல்வது. வழியில் வண்டியை நிறுத்தத் தடை உண்டு. வனத்தைத் தாண்டினால் பாரடாங் போகும் படகிலும், தெற்கே திரும்பினால் பம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தம் போகும் படகிலும் வண்டிகள் ஊர்ந்தே ஏறியாக வேண்டும். நிற்பதும் ஊர்வதும் பிரயாணத்தின் பெரும்பகுதியாக அமைந்துவிட்ட இத்தகைய பிரதேசத்தில், ஐட்லிங்கில் யந்திரம் நிலைத்து ஓடுவது பொதுஜன க்ஷேமத்தைச் சார்ந்த விஷயம்.

இக்கோளாறுக்கு நம்மிடையே சர்வ சாதாரணமாக வழங்கிவரும் பரிகாரங்கள் இரண்டு. ஒன்று, எண்ணெய் பீய்ச்சும் பம்பிலுள்ள ஸ்லோ ஸ்குருவைத் திருகி ஓட்டத்தை உயர்த்திவிடுவது. மற்றொன்று, பம்பையே கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, வேண்டிய உறுப்பு சென்னையிலிருந்து ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்து சேரும்வரை வண்டியை முடக்கிவைப்பது. முன்னதால் காரணம் மறைகிறதேயன்றி நீங்குவதில்லை. பின்னதால் பல சமயங்களில் பணமும் காலமும் விரயமாவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை. இவ்விரண்டுக்கும் முன்பாகச் செய்யவேண்டிய கிரமமான பரிசோதனை ஏன் நடப்பதில்லை என்று ஆராய்ந்தால், குற்றம் மெக்கானிக்கைவிட அவருக்குக் கூலி கொடுக்கும் நம்மிடமே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ரூடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய நாள் தொட்டு இந்த யந்திரத்தின் ஆதாரத் தத்துவம் மாறவில்லை: தீப்பொறி கிடையாது, பிஸ்டன் நெருக்கும் காற்று கடுமையாகச் சூடேற, அதில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. நிமிஷத்துக்கு 700 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் யந்திரத்தில் இவ்வாறு 1400 தடவை எண்ணெய் பீய்ச்சப்பட்டாலும், பாரமில்லாத அந்த நிலையில் ஒவ்வொரு தடவையும் செல்வது ஒரு துளியின் சிறு பகுதியே. வேகமாக ஓடுகையில் ஒரு சிலிண்டர் ஒருமுறை தவறினாலும் ஃபிளைவீலின் உந்துதல் அதைச் சமாளித்துவிடும். ஐட்லிங்கிலோ, மாதக் கடைசியில் கைக்கும் வாய்க்குமாக நடக்கும் குடும்பத்தைப் போல, சிறு குறைவையும் தாங்கும் மிச்சம் யந்திரத்திடம் இருப்பதில்லை. ஆகவே அங்கே முதலில் தேடவேண்டியது, அந்த அற்ப அளவு எண்ணெய்க்குக் குறுக்கே நிற்கும் சிறு தடையைத்தான்.

அத்தடைகளில் பிரதானமானது காற்று. டேங்கிலிருந்து ஃபீடு பம்பு வரையுள்ள குழாயில் எண்ணெய் உறிஞ்சப்படுகிறதேயன்றித் தள்ளப்படுவதில்லை. ஆதலால் அங்கே ஒரு வாஷர் தேய்ந்தாலோ, ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்தாலோ, எண்ணெய் வெளியே கசிந்து இடத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, ஓடும்போது காற்று சத்தமின்றி உள்ளே புகுந்துவிடுகிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உட்புறம் தெரியும் பிளாஸ்டிக் குழாயொன்றைச் சிறிது நேரம் மாட்டிப் பார்த்தால் குமிழிகள் புலப்படும். டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருப்பதும் இதே விளைவைத் தரக்கூடும். மூடியைத் தளர்த்தியதுமே யந்திரம் சீர்ப்பட்டால் காரணம் விளங்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில், பாதி காலியான டேங்கிற்குள் புகும் ஈரக் காற்று இரவின் குளிர்ச்சியில் நீராகப் படிகிறது. டீசலைவிடக் கனமான அந்நீர் அடியில் தங்க, நீரும் எண்ணெயும் சந்திக்கும் விளிம்பில் நுண்ணுயிர்கள் பெருகி, கருமையான வழுவழுப்புக் கசடாகி ஃபில்டரை அடைக்கின்றன. மாலையில் வண்டியை நிறுத்துமுன் டேங்கை நிரப்பிவைப்பதும், ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து நீரை அவ்வப்போது வடிப்பதும் யாருக்கும் சிரமமான காரியங்கள் அல்ல.

இவற்றுக்குப் பின்னும் ஐயம் தீராவிடில், பழைய முறைப் பம்பு உள்ள வண்டிகளில் தீர்மானமான பரீட்சை ஒன்று உண்டு. சுத்தமான டீசல் நிரம்பிய கேனை உயரத்தில் வைத்து, ஃபில்டரைத் தவிர்த்துப் பம்புக்கு நேரே குழாய் கொடுத்து, திரும்பும் குழாயையும் அக்கேனிலேயே விட்டு, காற்றை வெளியேற்றிய பின் ஓட்டிப் பார்க்க வேண்டும். யந்திரம் அணையாமல் ஓடுமானால் கோளாறு டேங்க் முதல் ஃபில்டர் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. அப்படியும் அணையுமானால் மாத்திரமே நாசில், கவர்னர், கம்ப்ரெஷன் என்று ஆழமாகப் போவது நியாயம். ஸ்லோ ஸ்குருவையும் ஆர்.பி.எம். மீட்டரைக் கொண்டு அளந்து, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே திருப்ப வேண்டும்.

புதிய காமன் ரெயில் வண்டிகளில் திருகாணிக்கே இடமில்லை. ஐட்லிங்கை நிர்ணயிப்பது மின்னணுக் கருவி. ஆயினும் ஸ்கேனர் காட்டும் குறியீடு அழுத்தம் குறைந்திருக்கிறது என்று தெரிவிக்குமேயொழிய, அதற்குக் காரணம் விலையுயர்ந்த பம்பா, அடைபட்ட ஃபில்டரா என்பதை மனிதனே தேடிக் கண்டாக வேண்டும். ஓடும் யந்திரத்தில் நாசில்களுக்குச் செல்லும் உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்துவது மட்டும் ஒருபோதும் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

படகும் வரிசையும் யாருக்காகவும் காத்திராத இடத்தில் இத்தனை பரிசோதனைக்கு அவகாசம் ஏது, ஸ்குருவைத் திருகி அனுப்புவதல்லவா அந்த நேரத்து உபகாரம் என்று கேட்பார்கள். அந்த ஒரு பிரயாணத்துக்கு அது நியாயமே. திரும்பி வந்ததும் காரணத்தைத் தேடுவோம் என்ற உடன்பாட்டோடு செய்யப்படுமானால் அதில் பிழையில்லை. ஆனால் தற்காலிக உபாயமே நிரந்தரமாகி, எண்ணெய்ச் செலவு கூடி, கியர் உரசி, உள்ளிருக்கும் கோளாறும் முற்றிய பிறகே நாம் விழிக்கிறோம்.

இதன் மூலகாரணம் நம் கூலி வழக்கத்தில் இருக்கிறது. பம்பை மாற்றினேன் என்று சொல்பவருக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் நாம், நெடுநேரம் தேடி, சில ரூபாய் பெறுமான வாஷரே காரணம் என்று கண்டறிந்தவரிடம், இவ்வளவு அற்ப வேலைக்கா இத்தனை கூலி என்று பேரம் பேசுகிறோம். காரணத்தைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு விலையில்லை என்று வாடிக்கையாளர்களே கற்பித்துவிட்ட பிறகு, பட்டறைகள் உறுப்புகளை மாற்றும் தொழிலில் இறங்கிவிடுவதில் ஆச்சரியமென்ன?

ஆகவே பெரார்கஞ்ச் வட்டாரத்துப் பட்டறைகளிலும், தீவுகளெங்கும், பரிசோதனைக் கூலி தனியாகவும் வெளிப்படையாகவும் எழுதிவைக்கப்பட வேண்டும். ஐ.டி.ஐ.யின் டீசல் மெக்கானிக் மாணவர்களுக்குக் கழற்றிப் பூட்டும் திறமையோடு, எளியதிலிருந்து கடினமானதுக்குச் செல்லும் தேடலின் கிரமமும் பயிற்றுவிக்கப்பட்டுப் பரீட்சிக்கப்பட வேண்டும். வண்டி வைத்திருப்போர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை யந்திரம் அணையும்போது, என்ன மாற்றவேண்டும் என்று கேட்பதற்குமுன் ஏன் அணைகிறது என்று கேட்டு, அந்த விடைக்குரிய கூலியை மனமுவந்து கொடுக்கத் தயாராக இருந்தால் போதும்.